தலைப்பிரட்டைக்கு நூற்றியொரு சுற்று

தறி ஓடுகிற கொட்டகையில் நின்று போன் பேசினால் பாதிதான் காதில் விழும். ஆறுமுகத்தாய்க்கு அன்று விழுந்த பாதி இது:

"கூட இருந்த ஆறு பேரும் தேறிட்டாங்கம்மா. நான் மட்டும்தான் இன்னும் தலைப்பிரட்டை..."

அதோடு இணைப்பு போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டால் கிடைக்கவில்லை. கப்பலில் ஆளுக்கு வாரத்துக்கு இவ்வளவு என்று அளந்துதான் இணையம் கொடுப்பார்கள். கோகிலாவின் பங்கு தீர்ந்திருந்தது.

ஆறுமுகத்தாய் ஊடை நூலைத் தாராகச் சுற்றுகிற மிஷினை நிறுத்தினாள்.

"என்னவாம் பிள்ளைக்கு?" தறிக்குப் பின்னாலிருந்து அவள் புருஷன் சங்கரசுப்பு கேட்டார்.

"தலைப்பிரட்டாம். மத்தவங்களுக்கெல்லாம் சரியாயிட்டாம். இவளுக்கு மட்டும் நிக்கலையாம்."

கோகிலா அவர்களுக்கு ஒரே பிள்ளை. சென்னையில் கப்பல் படிப்பை முடித்து, ஜனவரியில் ஒரு நிலக்கரிக் கப்பலில் டெக் கேடட்டாக ஏறியவள். கேடட் என்றால் நாளைக்கு அதிகாரியாகப் போகிறவள், இன்றைக்கு எல்லோரும் ஏவுகிற வேலையைச் செய்கிறவள். முதல் மாதம் வாந்தியெடுத்து வாளியும் கையுமாகக் கிடந்தது வீட்டுக்குத் தெரியும். பிறகு சரியாகிவிட்டது என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள்.

நேரம் பார்த்தாற்போல் சண்முகையா உள்ளே வந்தார். ஆறுமுகத்தாயின் அண்ணன். பஸ் ஸ்டாண்டு பக்கம் டயர் கடை வைத்திருந்தார். தங்கை மகள் கப்பலுக்குப் போனதை அவர் மனம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

"நான் அன்னைக்கே சொன்னேன். நம்மூர்ல இருந்து கடலைப் பாக்கணும்னா ரெண்டு பஸ் மாறணும். இவ கப்பலோட்டப் போயிருக்கா."

"மாறுனா மாறிட்டுப் போவுது. அதுக்கென்ன இப்ப?" என்றாள் ஆறுமுகத்தாய்.

"மீனுக்குப் பொறந்தது நீந்தும். தறிக்குப் பொறந்ததுக்குத் தலைதான் சுத்தும். அப்படியே தாக்குப் பிடிச்சாலும் பொம்பளப்பிள்ளைக்கு அங்கன என்ன வேலை குடுத்துருவாங்க? ஒரு ஓரமா நாற்காலியப் போட்டு ஒக்கார வச்சிருப்பாங்க. நீ வேணும்னா பாரு."

ஆறுமுகத்தாய் கோபுரம் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அன்று காலையில்தான் கொடி ஏறியிருந்தது. அம்மன் ஒற்றைக் காலில் தவம் நிற்கிற இந்த நாட்களில் கோயிலைச் சுற்றி வந்தால், அவள் கால்வலியில் ஒரு பங்கை நாம் வாங்கிக்கொள்கிறோம் என்பது ஊர் நம்பிக்கை. வாங்கிக்கொண்டவர்களுக்கு அவள் எதையும் மறுப்பதில்லை.

"நூத்தியொரு சுத்து நேர்ந்துக்கிட்டேன்" என்றாள்.

சங்கரசுப்பு தறியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "தலைச்சுத்துக்குச் சுத்தா?"

"முள்ளை முள்ளாலதான எடுக்கணும்."

தறியில் பாவு ஓட்டிக் கழிந்த நூலில் ஒரு முழத்துக்கு மேல் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு புறப்பட்டாள். சுற்றுக்கு ஒரு முடிச்சு.

கோகிலாவுக்குத் தலையில் ஒன்றும் இல்லை. கப்பல் இரண்டு பக்கமும் மாறி மாறிச் சாய்கிற நாளிலும் தட்டைக் கையில் பிடித்தபடி நின்றே சாப்பிடப் பழகியிருந்தாள். அவள் சொன்னது குளத்துத் தண்ணீரில் வாலாட்டுகிற தலைப்பிரட்டையை.

கப்பல்காரர்களின் பேச்சில், கடல்வழியாகப் பூமத்திய ரேகையை ஒருமுறையும் தாண்டாதவன் தலைப்பிரட்டை. தாண்டி, கடல்ராசாவின் சபையில் விசாரணையும் அபிஷேகமும் வாங்கியவன் ஆமை. அவன் முதுகில் ஓடு ஏறிவிட்டது என்று அர்த்தம். அதற்கும் மேலே சிலர் உண்டு. பல வருடம் உப்புக்காற்றில் ஊறியவர்கள். அவர்களைப் பழைய உப்பு என்பார்கள். அந்தக் கப்பலில் இருந்த பழைய உப்பு ஒருவர்தான். காயல்பட்டினத்துக்காரரான முகம்மது அப்சல், மேல்தள ஆட்களுக்கெல்லாம் தலைவரான போசன். அந்த ரேகைக் கோட்டை அறுபத்திரண்டு தடவை தாண்டியவர்.

ஜூலை முதல் வாரம் தென்னாப்பிரிக்காவுக்கு இறங்குகிற வழியில் கப்பல் கோட்டைத் தாண்டியது. தார்ப்பாயைக் கட்டி இடுப்பளவு தண்ணீர் நிரப்பினார்கள். போசன் வடத்தைப் பிரித்துத் தாடி கட்டி, தகரக் கிரீடம் வைத்துக் கடல்ராசாவாக உட்கார்ந்தார். சமையல்காரர் நைட்டி போட்டு ராணியானார். தலைப்பிரட்டைகள் ஆறு பேரும் கிரீஸ் பூசப்பட்டு, சமையலறைக் கழிவு நிரப்பிய கான்வாஸ் குழாய்க்குள் தவழ்ந்து, மிளகாய் கரைத்த உப்புத்தண்ணீர் குடித்து, தொட்டியில் மூன்று முறை முக்கி எடுக்கப்பட்டு ஆமைகள் ஆனார்கள். ஆளுக்கொரு கடல்பெயரும், கேப்டன் கையெழுத்தும் முத்திரையும் போட்ட சான்றிதழும் கிடைத்தன.

கோகிலா ஏழாவது ஆள். வரிசையில் நின்றவளைக் கேப்டன் தனியே கூப்பிட்டு, "நீ வேண்டாம். நாளைக்கு ஒரு புகார் என்று வந்தால் கம்பெனிக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்" என்று கேமராவைக் கையில் கொடுத்தார். நல்ல மனிதர். நல்லதுதான் செய்வதாக நினைத்தார்.

நூற்று நாற்பது படம் எடுத்தாள். அதில் ஒன்றில்கூட அவள் இல்லை.

அந்தச் சான்றிதழ்த் தாள் வெறும் வேடிக்கை இல்லை. அது இல்லாமல் அடுத்த கப்பலில் ஏறினால், கோட்டை எத்தனை முறை தாண்டியிருந்தாலும் புதுசு என்றுதான் நடத்துவார்கள். அவளுக்குப் பிறகு ஏறிய கோவில்பட்டிப் பையன் பாண்டிராஜுக்கு இப்போது 'சீலா' என்று மீன் பெயர். சாப்பாட்டு மேசையில் கால்மேல் கால் போட்டு, "ஏ தலைப்பிரட்டை, ஆமைக்கு ஒரு டீ" என்பான். சிரித்துக்கொண்டேதான் சொல்வான். அவளும் சிரித்துக்கொண்டேதான் ஊற்றினாள். ஆனால் ஊற்றினாள்.

இனி ஒரே ஒரு வாய்ப்புதான். நிலக்கரி ஏற்றிக்கொண்டு கப்பல் தூத்துக்குடிக்குத் திரும்பும். வழியில் கோட்டை மறுபடி தாண்டும். தூத்துக்குடியில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது.

போசனிடம் போய்க் கேட்டாள். அவர் சங்கிலிக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, திரும்பிப் போறப்ப எனக்கு ஒரு சபை கூட்ட முடியுமா?"

"ஒத்தை ஆளுக்கா? வடக்க ஏறிப் போறப்ப எந்தக் கப்பல்லயும் கூட்டி நான் பாத்ததில்ல மக்கா."

"கேப்டன்கிட்ட நீங்க சொல்லிப் பாக்கலாம்லா."

"நான் கடல்ராசா. ராசா போயி ஒருத்தர்கிட்ட கெஞ்சுவாரா?" என்று பிரஷ்ஷை டப்பாவில் முக்கினார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை என்று கண்டதும், "அந்தத் தாடி எனக்கு அரிக்க வேற செய்யுது" என்றும் சொன்னார்.

ஐந்து நாள் கழித்து அடுத்த பங்கு இணையம் கிடைத்ததும் வீட்டுக்குப் பேசினாள். அப்போது ஆறுமுகத்தாய் கோயில் மண்டபத்துத் தூணில் சாய்ந்து பாதத்துக் கொப்புளத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். மடியில் கிடந்த நூலில் ஐம்பத்திரண்டு முடிச்சு.

"தலை இப்ப எப்படி இருக்கு?" என்றாள் எடுத்ததும்.

"தலைக்கு என்ன?"

"பிரட்டுதுன்னு சொன்னியே."

கோகிலாவின் சிரிப்பு வந்தது. "அம்மா, தலைப்பிரட்டு இல்லம்மா. தலைப்பிரட்டை. தவக்காக்குட்டி."

"தவக்காக்குட்டியா? யாரு, நீயா?"

கோகிலா முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். கோடு, ராசா, நைட்டி போட்ட ராணி, கேமரா.

"அப்ப இந்த அம்பத்திரெண்டு சுத்து?"

"என்ன சுத்து?"

"கால் பழுத்துப் போயிக் கெடக்கேன். இப்ப சாவகாசமா தவக்காக்குட்டிங்குதே." ஆறுமுகத்தாய்க்கும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் களைப்பாறிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவள் குரல் மாறியது. "மத்தவங்களை முக்கி எடுத்தாங்கல்லா. ஒன்ன மட்டும் ஏன் முக்கல?"

"பொண்ணுன்னு மரியாதையாம்."

"ஒரு ஓரமா ஒக்கார வச்சிருவாங்கன்னு எங்க அண்ணன் சொன்ன நாற்காலில்லா அது."

ஆறுமுகத்தாய் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"முக்கச் சொல்லிக் கேட்டியா?"

"கேட்டேம்மா. வழக்கம் இல்லைங்காங்க. திரும்பத் திரும்பக் கேட்டா சலுகை கேக்குத மாதிரி இருக்கு."

"நீ எதுக்குட்டி சலுகை கேக்கணும்? நம்ம தெருக் கோயில் கொடையில முறை உள்ள ஒரு மாமன்காரனுக்கு மஞ்சத்தண்ணி ஊத்தாம விட்டுட்டா, குத்தம் யாருக்கு? மாமனுக்கா?"

"ஊத்தாம விட்டவங்களுக்கு."

"அப்ப ஒன் ராசா மேலதான குத்தம். அவன் எல்லையில ஒரு ஆளை நனைக்காம விட்டிருக்கான். அதைப் போயிக் கேளு."

கோகிலா யோசிப்பது இந்த முனைக்கே தெரிந்தது. பிறகு, "மிச்ச சுத்தை நிப்பாட்டிரும்மா. எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே" என்றாள்.

"நேர்ந்தது நேர்ந்ததுதான். தலைப்பிரட்டுக்கு நேர்ந்தா என்ன, தலைப்பிரட்டைக்கு நேர்ந்தா என்ன. எது எதுன்னு அம்மனுக்குத் தெரியும்."

மறுநாள் காலை, சாப்பாட்டு அறையின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கேப்டன் பயந்த புகார் வந்தேவிட்டது. ஆனால் அது தொட்டியில் முக்கியதைப் பற்றியது அல்ல. முக்காமல் விட்டதைப் பற்றியது.

மாட்சிமை தங்கிய கடல்ராசாவின் சமூகத்துக்கு என்று அது தொடங்கியது. தங்கள் எல்லையை ஜூலை மாதம் ஒரு தலைப்பிரட்டை முத்திரை இல்லாமல் கடந்தாள். அவள் ஒளிந்துகொள்ளவில்லை. கையில் கேமராவுடன் தங்கள் சிம்மாசனத்துக்கு எட்டடி தூரத்தில்தான் நின்றாள். ஆகவே இந்தக் குற்றம் அவளுடையது அல்ல, தங்கள் காவலர்களுடையது. கப்பல் மறுபடி தங்கள் வாசலுக்கு வரும்போது இது சரிசெய்யப்படாவிட்டால், இந்தக் கப்பலில் உள்ள எந்த ஆமையின் ஓட்டுக்கும் மதிப்பு இருக்க முடியாது.

கீழே இன்னொரு தாள். கப்பலில் ஏணி ஏறுவதற்குக்கூட முதலில் ஆபத்து மதிப்பீடு எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். கோகிலா அந்தப் படிவத்தையே நிரப்பியிருந்தாள். மூழ்கும் ஆபத்து: தண்ணீர் இடுப்பளவு, குறைவு. கண்ணில் கிரீஸ்: பாதுகாப்புக் கண்ணாடி அணியப்படும், குறைவு. பிறர் கை படுதல்: கேடட் எல்லாவற்றையும் தானே செய்துகொள்வாள், இல்லை. கேடட் மறுபடியும் விடப்படுதல்: மிக அதிகம்.

காலைச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் தட்டோடு பலகை முன்னால் கூடிவிட்டார்கள். பாண்டிராஜ் ராசாவுக்கு எழுதிய தாளின் கடைசி வரியை இரண்டு தடவை படித்தான்.

"என் ஓட்டுக்கு மதிப்பில்லையா?"

"இப்போதைக்கு இல்லை" என்றாள் கோகிலா. அன்று அவனுக்கு டீ ஊற்றவில்லை.

கேப்டன் வந்து நின்றுகொண்டே இரண்டு தாள்களையும் வாசித்தார். "மற்றவர்களுக்குச் செய்ததில் எதையும் குறைக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

"எதையும், சார்."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, படிவத்தின் கீழே கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "அன்றைக்கே இதைக் கேட்டிருக்க வேண்டியவன் நான்" என்று சொல்லிவிட்டு முட்டை எடுக்கப் போனார்.

போசன் தாடையைச் சொறிந்துகொண்டார். "சரித்தான். திரும்பவும் தாடி கட்டணும்."

தபசு அன்றைக்கு மதியத்திலிருந்தே நான்கு ரத வீதிகளிலும் கால் வைக்க இடமில்லை. சாயங்காலம் அம்மனுக்குச் சுவாமி காட்சி கொடுக்கும் நேரத்தில் விளைந்ததை அள்ளி வீசிச் சூறை விடுவதற்காக, சுற்றுப்பட்டு வெள்ளாமைச் சம்சாரிகள் பருத்தியும் மிளகாய் வத்தலுமாகப் பைகளோடு வந்து குவிந்திருந்தார்கள். ஆறுமுகத்தாயின் நூலில் நூறு முடிச்சு ஆகியிருந்தது. கடைசிச் சுற்றை வைத்துக்கொண்டு கோயில் மதிலோரம் நின்றாள். சங்கரசுப்பு போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். குடும்பத்தோடு தபசு பார்க்க வந்த சண்முகையாவும் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

கோகிலா சொல்லி வைத்தபடி, கப்பல் கோட்டைத் தாண்டுகிற நாலு மணிக்குப் போனில் நேரலைப் படம் வந்தது. தகரக் கிரீடம், வடத்துத் தாடி. ராணி நைட்டியை இழுத்து விட்டுக்கொண்டாள். நடுவில் வேலை உடுப்பான பழைய பாய்லர் சூட்டும் கண்ணாடியுமாகக் கோகிலா மண்டியிட்டிருந்தாள். தன் கையாலேயே முகத்தில் பூசிக்கொண்ட கிரீஸில் பல் மட்டும்தான் தெரிந்தது. வீட்டார் பார்க்கிறார்கள் என்று தெரிந்து கடல்ராசா தமிழிலேயே விசாரித்தார்.

"ஏ தலைப்பிரட்டை, எந்த ஊரு?"

"சங்கரன்கோவில், ராசா."

"அங்கன கடல் இருக்கா?"

"இல்லை."

"ஆறு?"

"சொல்லிக்கிட மாதிரி இல்லை."

"பெறவு என்னத்த நம்பி என் எல்லைக்குள்ள வந்தே?"

"மழையை நம்பித்தான். எங்க ஊர்ப்பக்கம் எல்லாரும் அதை நம்பித்தான் வெதைக்காங்க. அது எங்கன இருந்து பொறப்படுதுன்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

போனைச் சுற்றி நின்ற இளையரசனேந்தல் சம்சாரி ஒருவர், யார் எவர் என்று தெரியாமலே, "சரியாச் சொல்லுதா" என்றார்.

"எனக்கு என்ன கொண்டாந்தே?"

கோகிலா பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். ஜனவரியில் அம்மா ஊறுகாயோடு வைத்து அனுப்பிய வத்தலும், விளக்குத் திரிக்கென்று வைத்த பஞ்சும். "எங்க ஊரு வழக்கம். சூறை" என்று அள்ளி உயர வீசினாள். கப்பலில் காற்று எப்பக்கம் அடிக்கிறது என்று பார்த்து வீச வேண்டும் என்பதை ஏழு மாதத்தில் படித்திருந்தாள். ஆனால் கை ஊர் வழக்கப்படிதான் வீசியது. பஞ்சு கடலுக்குப் போனது. வத்தல் அப்படியே திரும்பி ராசாவின் தாடிக்குள் போனது. ராசா தும்மினார். ராணி தும்மினாள். கிரீடம் கழன்று உருண்டது. கேப்டன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது ஓரத்தில் தெரிந்தது.

"ராசா மேல வத்தல் தூவுனது தனிக் குத்தம்" என்றார் போசன் கண்ணைத் துடைத்தபடி. "குழாய்க்குள்ள போ."

மிளகாய்த் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தாள். நேரே குழாய்க்குள் தலையை விட்டாள். கான்வாஸ் புடைத்து நெளிந்தது. பாதங்கள் உள்ளே போகிற இடத்தில் படம் நின்றுவிட்டது. அத்தனை கூட்டம் ஒரே தெருவில் போனைப் பிடித்திருந்தால் எந்த டவர்தான் தாங்கும். சங்கரசுப்பு போனைத் தலைக்கு மேலே உயர்த்தினார், ஆட்டினார். இரண்டு பாதங்கள் மட்டும் அசையாமல் நின்றன.

"வெளிய வந்துட்டாளா?" என்றார் சண்முகையா.

யாருக்கும் தெரியவில்லை. ஆறுமுகத்தாய் நூலை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். பிறகு படம் இல்லாமல் சத்தம் மட்டும் வந்தது. தண்ணீரில் பெரிதாக ஏதோ விழுகிற சத்தம், ஆட்களின் கூச்சல், இரண்டாவது முறை, மூன்றாவது முறை. அதன் மேலே போசனின் குரல்.

"பதினாறு வினாடி. இந்தக் குழாய்க்குள்ள இப்படி வழுக்கிக்கிட்டு வந்தவங்களை நான் பாத்ததில்ல. எழுதிக்கிடுங்க. இவ பேரு விலாங்கு."

கப்பல் சங்கு ஊதியது. இணைப்பு அறுந்தது.

"விலாங்கா?" என்றார் சண்முகையா. "வேற நல்ல மீன் பேரு கிடைக்கலையாக்கும். பாதி மீனு, பாதி பாம்பு."

ஆறுமுகத்தாய் அவரைப் பார்த்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் பாதி சிவனும் பாதி பெருமாளுமாக நிற்கிற சாமி. சுற்றிலும் வெள்ளியில் செய்த பாம்பு உருவங்களைக் கையில் வைத்துக்கொண்டு காணிக்கை போடக் காத்திருக்கிற வரிசை.

"எங்க நின்னு பேசுதேன்னு பாத்துப் பேசுண்ணே" என்றாள். கடைசிச் சுற்றுக்குக் கிளம்பினாள். கொப்புளம் இருந்த கால் அது என்று பார்த்தவர்களால் சொல்ல முடியாது.

கப்பல் மூன்றாம் நாள் தூத்துக்குடிக்கு வந்தது. கோகிலா வீட்டுக்குள் நுழைந்தபோது காதோரம் இன்னும் கிரீஸ் இருந்தது. சான்றிதழை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். கேப்டன் கையெழுத்து, முத்திரை, நடுவில் 'விலாங்கு'. கீழே போசன் தன் கையால், 'பழைய உப்பு முகம்மது அப்சல், தாடியில் வத்தல் வாங்கிய கடல்ராசா' என்று எழுதியிருந்தார். ஆறுமுகத்தாய் அதைச் சுருட்டி, நூற்றியொரு முடிச்சு போட்ட நூலால் கட்டினாள்.

"இந்த நூலை அவுக்காதே. அடுத்த கப்பலுக்கும் இப்படியே கொண்டு போ."

"அங்க நான் சபையில ஒக்காருவேம்மா. விசாரிக்கிற பக்கம்."

அடுத்த வாரம் தெருக் கோயில் கொடை. கடைசி நாள் மஞ்சத்தண்ணிக்கு அண்டாவில் கரைத்து வைத்திருந்தார்கள். சண்முகையா வெள்ளைச் சட்டையோடு ஒதுங்கிப் போகப் பார்த்தவர், தறிக் கொட்டகை வாசலில் கோகிலா வாளியோடு நிற்பதைக் கண்டு நின்றுவிட்டார். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தது.

"ஒக்காருங்க மாமா."

அவர் நாற்காலியைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். ஆறுமுகத்தாய் தார் சுற்றுவதிலேயே கவனமாக இருந்தாள். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார்.

"ஏ தலைப்பிரட்டை" என்றாள் கோகிலா. "எந்த ஊரு?"

தெருவே வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. சண்முகையா கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார்.

"சங்கரன்கோவில், தாயி" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் மூன்று வாளி ஊற்றினாள்.